புகையை அளக்கும் கோல் யார் கையில்?

பெங்களூரு: சிகரெட்டை மனிதர்கள் மட்டுமல்ல, இயந்திரங்களும் புகைக்கின்றன. நிமிடத்துக்கு ஒரு முறை. ஒவ்வோர் இழுப்பும் 2 விநாடி. உறிஞ்சப்படும் புகை 35 மில்லி லிட்டர். முதல் இழுப்புக்கும் கடைசி இழுப்புக்கும் அளவில் வேறுபாடு இராது. கோபமோ, வேலைப் பளுவோ, தேநீர்க் கடை வாசலின் பேச்சுச் சுவாரஸ்யமோ அந்த இயந்திரத்தைப் பாதிப்பதில்லை. பல நாடுகளில் சிகரெட் பெட்டியின் மேல் நெடுங்காலம் அச்சிடப்பட்டு வந்த "தார் இவ்வளவு, நிகோடின் இவ்வளவு" என்ற எண்கள் யாவும் இத்தகைய இயந்திரத்திலிருந்து பெறப்பட்டவையே.

இந்தியாவிலும் அவ்வாறு அச்சிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2003-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் 7-வது பிரிவு, ஒவ்வொரு பெட்டியிலும் நிகோடின், தார் அளவுகளையும் அவற்றுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பையும் குறிப்பிடக் கோருகிறது. அதே சட்டத்தின் 11-வது பிரிவு, அவற்றைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்களுக்கு மத்திய அரசு அங்கீகாரம் அளிக்க வேண்டும் என்கிறது. 2007-08-இல் தொடங்கப்பட்ட தேசிய புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்திலும் சோதனைக்கூடங்கள் இடம்பெற்றன. அக்கூடங்கள் முறையாகத் தொடங்கி வைக்கப்பட்டதோ 2019 செப்டம்பரில். சட்டத்துக்கும் அதன் கருவிக்கும் இடையே 16 ஆண்டுகள். அந்த இடைவெளியில் உச்சவரம்பு விதிகளாக வகுக்கப்படாமலே காலம் ஓடியது.

அதே 2019 செப்டம்பரில்தான் இ-சிகரெட்டுகளுக்கு நாடு முழுவதும் தடை விதிக்கும் அவசரச் சட்டமும் வந்தது. பழைய புகையை அளக்கத் தொடங்கிய மாதத்திலேயே, புதிய ஆவி சட்டப்பூர்வமான சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்கப் பொருத்தமான ஊர் பெங்களூரு.

ஒரே நகரில் மூன்று முகங்கள்

நகரின் வடமேற்கே உள்ள பீன்யா தொழிற்பேட்டையில் நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனமான ஐ.டி.சி.யின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஓசூர் சாலையில் இருப்பது நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம். புகையிலையை விட்டொழிக்க விரும்புவோருக்கான தேசிய இலவசத் தொலைபேசிச் சேவையின் தென்னிந்திய மையம் 2018 முதல் அங்கு இயங்குகிறது. 1800-11-2356 என்ற எண்ணில் தமிழரும் அழைக்கலாம். மூன்றாவது, விதான சௌதா. 2016 ஜூனில், மத்திய அரசு விழித்துக்கொள்வதற்கு மூன்றாண்டுகள் முன்பே, கர்நாடக அரசு இ-சிகரெட்டுகளைத் தடை செய்தது. தமிழக அரசு அதே முடிவை 2018 செப்டம்பரில் எடுத்தது.

தயாரிப்பாளருக்கு ஆய்வுக்கூடம் உண்டு. நோயாளிக்கு மருத்துவமனை உண்டு. அரசுக்குத் தடை ஆணை உண்டு. புகையிலும் ஆவியிலும் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று குடிமக்களின் சார்பில் அளந்து வெளியிடும் பொது ஆய்வுக்கூடமே தென்னகத்தின் பங்குக்குக் கிடைக்கவில்லை. 2019-இல் தொடங்கப்பட்ட தேசிய புகையிலைச் சோதனைக்கூடங்கள் மூன்று: நொய்டாவில் உள்ள தேசிய புற்றுநோய்த் தடுப்பு, ஆராய்ச்சி நிறுவனத்தில் தலைமைக்கூடம், மும்பையிலும் குவாஹாட்டியிலும் மத்திய அரசின் மருந்துப் பரிசோதனை நிலையங்களில் மற்ற இரண்டு. சென்னையிலும் மத்திய மருந்துப் பரிசோதனை நிலையம் உண்டு. அதன் நினைவு தில்லிக்கு வரவில்லை.

பஞ்சு வட்டும் விரல் நுனியும்

இச்சோதனை எவ்வாறு நடைபெறுகிறது? சிகரெட்டுகளை முதலில் 22 டிகிரி வெப்பத்திலும் 60 சதவீத ஈரப்பதத்திலும் குறைந்தது 48 மணி நேரம் வைக்கிறார்கள். காய்ந்த சிகரெட்டு வேறு விதமாக எரியும் என்பதே காரணம். பின்னர் இயந்திரத்தில் பொருத்திப் பற்றவைக்கிறார்கள். புகை, கண்ணாடி இழையாலான வட்டமான வடிகட்டியின் ஊடே இழுக்கப்படுகிறது. அதில் படியும் பழுப்பு நிறப் படிவை எடைபோட்டு, அதிலிருந்து நீரையும் நிகோடினையும் கழித்தால் கிடைப்பதே "தார்". அதாவது, தார் என்று தனியாக ஒரு வேதிப்பொருள் கிடையாது. கழித்தபின் எஞ்சும் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். சிகரெட் புகையில் அடையாளம் காணப்பட்டுள்ள வேதிப்பொருட்கள் 7,000-க்கும் மேல். அவற்றுள் சுமார் 70 புற்றுநோய் உண்டாக்குபவை. எடைக்கணக்கில் இந்த விவரம் எதுவும் தெரியாது. வடிகட்டியைத் தாண்டிச் செல்லும் கார்பன் மோனாக்ஸைடு, ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் ஆகியவற்றைப் பிடிக்க வேறு பைகளும் வேறு கரைசல்களும் வேறு கருவிகளும் வேண்டும்.

இந்த முறையில் ஒரு பெரிய ஏமாற்று வேலைக்கு இடம் இருந்தது. சிகரெட்டின் வடிகட்டியைச் சுற்றிக் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்துளைகள் இடப்பட்டன. இயந்திரம் இழுக்கும்போது அத்துளைகள் வழியே வெளிக்காற்று புகுந்து புகையை நீர்க்கச் செய்யும். எண் குறையும். "லைட்", "மைல்டு" என்று பெட்டியில் அச்சிடலாம். ஆனால் மனிதன் புகைக்கும்போது அவனுடைய உதடும் விரலும் அத்துளைகளை மூடிவிடுகின்றன. போதாததற்கு, நிகோடின் குறைகிறது என்று உணரும் உடல் இன்னும் ஆழமாக, இன்னும் அடிக்கடி இழுக்கச் சொல்கிறது. இயந்திரத்தின் எண் ஒன்று, நுரையீரலின் எண் வேறொன்று.

அமெரிக்காவில் 1967 முதல் அரசு வர்த்தக ஆணையத்தின் முத்திரையோடு நடைபெற்று வந்த இந்தச் சோதனை முறையை அந்த ஆணையமே 2008-இல் கைவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2006 ஆகஸ்டில், நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் அளித்த தீர்ப்பு, "லைட்" சிகரெட்டுகள் பாதுகாப்பானவை என்று நம்ப வைத்துப் புகையிலை நிறுவனங்கள் மக்களை ஏமாற்றின என உறுதி செய்தது. அளவுகோல் விற்பவன் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

இன்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்கூட வலைப்பின்னல் பரிந்துரைக்கும் தீவிர முறையில், இழுப்பு 55 மில்லி லிட்டர். இடைவெளி 30 விநாடி. வடிகட்டியின் துளைகள் முழுவதும் அடைக்கப்பட வேண்டும். மனிதனை ஓரளவு நெருங்கும் முறை எனலாம். ஆனால் நம் நாட்டின் நிலைமை வேறு. 2016-17-இல் எடுக்கப்பட்ட உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சிகரெட் பிடிப்போர் 4 சதவீதம். பீடி பிடிப்போர் 7.7 சதவீதம். தெந்து இலையில் சுற்றிய பீடி தானே அணையும் இயல்புடையது. அதை உயிரோடு வைக்கவே அடிக்கடி இழுத்தாக வேண்டும். சிகரெட்டுக்கென வகுத்த இடைவெளியில் பீடியை இயந்திரத்தில் வைத்தால் பாதியில் அணைந்து நிற்கும். நெல்லை, தென்காசி வட்டாரத்துப் பெண்கள் சுற்றும் பீடிக்கும், மங்களூரு பீடிக்கும் உரிய அளவுமுறையை ஜெனீவாவில் எவரும் நமக்காக வகுத்துத் தரப் போவதில்லை.

ஆவியின் கணக்கு

இ-சிகரெட்டில் புகையிலை எரிவதில்லை. புரொபிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருட்கள், பெரும்பாலும் நிகோடின் ஆகியவை கலந்த திரவத்தை மின்கலத்தால் சூடாகும் கம்பிச்சுருள் ஆவியாக்குகிறது. ஆவி என்று வழக்கில் சொல்கிறோமே தவிர, உண்மையில் அது மிக நுண்ணிய திரவத் துளிகளின் மூட்டம். எரிதல் இல்லாததால் கார்பன் மோனாக்ஸைடு ஏறத்தாழ இல்லை. ஆனால் சூடு மிகுந்தால் அந்தத் திரவமே சிதைந்து ஃபார்மால்டிஹைடாகவும் அக்ரோலினாகவும் மாறும். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே முடிவு செய்தது.

எவ்வளவு மாறும் என்பதில்தான் சச்சரவு. மாசிய கோனியெவிச் தலைமையிலான குழு 12 வகை இ-சிகரெட்டுகளைச் சோதித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு, நச்சுப்பொருட்களின் அளவு சிகரெட் புகையில் இருப்பதைவிட 9 முதல் 450 மடங்கு வரை குறைவு என்றது. 2015 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 5 வோல்ட் மின்னழுத்தத்தில் கருவியை இயக்கி, ஃபார்மால்டிஹைடு அபாயம் சிகரெட்டையே மிஞ்சக்கூடும் என மதிப்பிட்டனர். அதே கருவியை 3.3 வோல்ட்டில் இயக்கியபோது அப்பொருள் தென்படவில்லை. உடனே எதிர்ப்பு எழுந்தது: அந்தச் சூட்டில் திரி வறண்டு கருகும், அந்தக் கசப்பை எந்த மனிதனும் தாங்க மாட்டான், இயந்திரத்துக்கு நாக்கு இல்லாததால் அது இழுத்துக்கொண்டே இருந்தது என்பது எதிர்த்தோர் வாதம்.

சிகரெட்டில் இயந்திரம் மனிதனைவிட மென்மையாக இழுத்தது, எண் குறைந்தது. இ-சிகரெட்டில் மனிதனைவிடக் கடுமையாக இழுத்தது, எண் கூடியது. இரண்டிலும் இயந்திரத்தின் மீது குற்றமில்லை. எந்த இழுப்பை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே கேள்வி. அதைக் கேட்கும் திறன் படைத்த பொது ஆய்வுக்கூடம் ஒரு நாட்டில் இல்லையெனில், எந்த எண்ணை யார் கொண்டுவந்து நீட்டினாலும் நம்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

இ-சிகரெட் தீங்கற்றது என்ற விளம்பரமும் சோதனையில் நிற்கவில்லை. ஹார்வர்டு ஆய்வாளர்கள் சோதித்த 51 வாசனைத் திரவங்களில் 39-இல் டைஅசிட்டைல் காணப்பட்டது. பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களின் நுரையீரலைச் சிதைத்ததாக அறியப்பட்ட பொருள் அது. கம்பிச்சுருளிலிருந்து நிக்கல், குரோமியம், ஈயம் ஆவியில் கலப்பதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2018-இல் காட்டியது. நிகோடின் இல்லை என்று அச்சிட்டு விற்ற குப்பிகளில் நிகோடின் இருந்ததை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009-லேயே கண்டது. "95 சதவீதம் பாதுகாப்பானது" என்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் கணக்கோ, ஆய்வுக்கூடத்தில் அளந்து பெற்றதன்று. வல்லுநர் குழுவொன்று கூடி மதிப்பிட்டது.

தில்லியின் இரு தராசுகள்

அரசியல் பக்கம் வருவோம். 2015 மார்ச்சில், சிகரெட் பெட்டியில் 85 சதவீத இடத்துக்குப் படத்துடன் கூடிய எச்சரிக்கையை அச்சிடும் விதி நடைமுறைக்கு வரவிருந்தது. துணைநிலைச் சட்டங்களுக்கான மக்களவைக் குழு அதை நிறுத்தி வைக்கப் பரிந்துரைத்தது. குழுவின் அன்றைய தலைவரும் பாஜக உறுப்பினருமான திலீப் காந்தி கூறிய காரணம் நாடெங்கும் விவாதமானது: புகையிலையால் புற்றுநோய் வரும் என்ற ஆய்வுகளெல்லாம் வெளிநாட்டவை, இந்திய ஆய்வு எங்கே? அக்குழுவில் பீடித் தொழிலதிபரான உறுப்பினர் ஒருவரும் இடம்பெற்றிருந்தார். விதி ஓராண்டு தள்ளிப்போய் 2016 ஏப்ரலில் அமலுக்கு வந்தது.

அதை எதிர்த்துப் பல மாநிலங்களில் தொடரப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியது. 2017 டிசம்பர் 15-இல் பெங்களூருவில் அளிக்கப்பட்ட தீர்ப்பு, 85 சதவீத விதி செல்லாது என்றது. 2018 ஜனவரி 8-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்ததால் எச்சரிக்கைப் படம் உயிர் பிழைத்தது.

அடுத்த ஆண்டே காட்சி மாறியது. 2019 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட வெள்ளை அறிக்கை இ-சிகரெட்டுகளை முற்றாகத் தடை செய்யப் பரிந்துரைத்தது. அது பெரும்பாலும் வெளிநாட்டு ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த அறிக்கை. செப்டம்பர் 18-இல் மத்திய அமைச்சரவையின் முடிவை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். டிசம்பரில் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. விற்றால் முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை மூன்றாண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும்.

வெளிநாட்டு ஆய்வுகள் சிகரெட்டுக்கு எதிராகப் போதவில்லை. இ-சிகரெட்டுக்கு எதிராகப் போதுமானவையாகிவிட்டன. இரண்டிலும் அவை ஏற்கத்தக்கவை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. நுரையீரலுக்குக் குடியுரிமை கிடையாது. ஆனால் ஒரே நாடாளுமன்றம் ஐந்தாண்டு இடைவெளிக்குள் இரண்டு தராசுகளைப் பயன்படுத்தியதை மறந்துவிட முடியாது. 2016-17 கணக்கெடுப்பில் இ-சிகரெட் பயன்படுத்துவோர் 0.02 சதவீதம். பள்ளி மாணவரிடையே அமெரிக்காவில் அது பரவிய வேகத்தைப் பார்த்து முளையிலேயே கிள்ள அரசு விரும்பியதில் நியாயம் உண்டு. ஜூல் நிறுவனம் இந்தியச் சந்தையில் நுழையத் தயாராகி வந்த நேரம் அது. அப்படியானால் எரியும் சிகரெட்டை ஏன் தொடவில்லை என்று அவைகளில் உறுப்பினர்கள் கேட்டனர். தடை அறிவிப்பு வந்த அன்றே சிகரெட் நிறுவனங்களின் பங்கு விலை ஏறியது என்பதும், ஐ.டி.சி.யில் எல்.ஐ.சி. உள்ளிட்ட பொதுத்துறை நிறுவனங்கள் கணிசமான பங்குகளை வைத்துள்ளன என்பதும் குறிப்பிடத்தக்கவை. ஐ.டி.சி.யும் 2014-இல் ஈயான் என்ற பெயரில் இ-சிகரெட் விற்ற நிறுவனம்தான். எனவே தடையால் லாபமடைந்தவர் பட்டியல் அவ்வளவு எளிதானதன்று.

சிகரெட்டில் அரசு தவறாமல் அளந்து வருவது ஒன்று உண்டு: அதன் நீளம். எத்தனை மில்லி மீட்டர் என்பதைப் பொறுத்தே வரி நிர்ணயிக்கப்படுகிறது. உள்ளே எத்தனை மில்லி கிராம் என்பது வரி அதிகாரிகளின் அக்கறைக்கு அப்பாற்பட்டது.

தடைக்குப் பின்

தடை செய்தால் பொருள் மறைந்துவிடும் என்ற எண்ணம் நடைமுறையில் பொய்த்துள்ளது. நாட்டின் விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் கடத்திவரப்பட்ட இ-சிகரெட்டுகள் தொடர்ந்து பிடிபடுகின்றன. முன்பு பெட்டியில் அச்சிட்டதை நம்ப முடியவில்லை. இப்போது பெட்டியே பொய். நிகோடின் எவ்வளவு, எந்த நாட்டுத் திரவம், கம்பிச்சுருள் எந்த உலோகம் என்று வாங்குபவனுக்கும் தெரியாது, மூச்சுத் திணறலோடு அவன் வந்து சேரும் மருத்துவமனைக்கும் தெரியாது.

இந்த அறியாமைக்கு என்ன விலை என்பதை அமெரிக்கா 2019-இல் கண்டது. இ-சிகரெட் வகைக் கருவிகளைப் பயன்படுத்திய இளைஞர்கள் திடீரென நுரையீரல் செயலிழந்து மருத்துவமனைகளில் சேர்ந்தனர். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டனர். 68 பேர் இறந்தனர். முதலில் எல்லா இ-சிகரெட்டுகளின் மீதும் சந்தேகம் விழுந்தது. நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரை அரசு ஆய்வுக்கூடங்கள் சோதித்தன. 51 நோயாளிகளில் 48 பேரிடம் வைட்டமின்-இ அசிட்டேட் என்ற எண்ணெய்ப் பொருள் இருந்தது. கள்ளச் சந்தையில் கஞ்சாச் சாறு அடைத்த குப்பிகளில் கலப்படமாகச் சேர்க்கப்பட்ட பொருள் அது. குற்றவாளியைக் கண்டுபிடித்தது காவல்துறையன்று, ஆய்வுக்கூடம். அத்தகைய அலை ஒன்று பெங்களூருவிலோ சென்னையிலோ எழுந்தால், மாதிரிகள் நொய்டாவுக்கு விமானம் ஏற வேண்டும்.

நிகோடின் அடிமைத்தனத்திலிருந்து மீள விரும்பும் ஒருவருக்கு 2 மில்லி கிராம் நிகோடின் கொண்ட மெல்லும் பசை நம் நாட்டு மருந்துக் கடைகளில் சீட்டு இன்றியே கிடைக்கிறது. அந்தப் பசையில் எவ்வளவு நிகோடின் என்பதை மருந்துச் சட்டத்தின் கீழ் ஆய்வாளர் எப்போது வேண்டுமானாலும் எடுத்துச் சோதிக்கலாம். விட உதவும் பொருளுக்கு உள்ள இந்தக் கண்டிப்பு, பிடிக்க வைக்கும் பொருளுக்கு இல்லை.

செய்ய வேண்டியவை கண்ணுக்கு எட்டாத தொலைவில் இல்லை. 11-வது பிரிவின் கீழ் தென்னிந்தியாவுக்கு ஓர் ஆய்வுக்கூடம் அமைய வேண்டும். பெங்களூருவிலோ சென்னையிலோ அதற்கான வேதியியலாளர்களுக்குப் பஞ்சமில்லை. சிகரெட், பீடி ஆகியவற்றின் சோதனை முடிவுகள், தீவிர முறையில் அளந்து, வணிகப் பெயரோடு ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். பெட்டியில் எண்ணை அச்சிடுவது "லைட்" சிகரெட் காலத்து ஏமாற்றுக்கே மீண்டும் வழிவகுக்கும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எச்சரிக்கையையும் கருத்தில் கொண்டு, 7-வது பிரிவை என்ன செய்வது என்பதை நாடாளுமன்றம் வெளிப்படையாக முடிவு செய்யலாம். சட்டப் புத்தகத்தில் உறங்க விடுவது முடிவாகாது. சுங்கத் துறையும் காவல்துறையும் கைப்பற்றும் இ-சிகரெட்டுகளில் ஒரு பகுதியை, அழிப்பதற்கு முன் சோதனைக்கு அனுப்பி, அவற்றில் இருந்தவை இவை என்று மருத்துவமனைகளுக்குத் தெரிவிக்கலாம். அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டுமா, சுகாதார அமைச்சகத்தின் ஓர் ஆணை போதுமா என்பதை நாடாளுமன்றக் கேள்வி நேரத்தில் தென் மாநில உறுப்பினர் யாரேனும் எழுந்து கேட்கலாம்.